கோட்டை வாசலில் வரலட்சுமி நூல்

தோல் வியாபாரியின் மனைவி வேடம் இந்த வருசம் எனக்கு. லவால் நகருக்கு அப்பால், ஆற்றங்கரையில் திரும்பக் கட்டிய பழைய பிரெஞ்சுக் கோட்டையில், அந்தக் காலத்து வாழ்க்கையை வேடம் போட்டு நடித்துக் காட்டுகிற விழா. நாலு வருசம் வேலைக்காரியாக நின்று வெங்காயம் உரித்த பிறகுதான் அந்த வேடம் கிடைத்தது. வள்ளங்கள் கரைக்கு வரும்போது வாசலில் நின்று வரவேற்றுப் பேச வேண்டும். பனிக்காலம் முழுக்க மெட்ரோவில் அதையே முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து எழும்பிப் போனதும் உண்டு. எனக்குச் சுகமில்லாமல் போனாலும் என்று, என்னோடு விழாவில் நடிக்கிற என் கணவரின் தங்கை பிரஷாந்தினிக்கும் நானே பாடமாக்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

விழாவுக்கு முதல்நாள் வரலட்சுமி விரதம். அடுத்த கிழமை இவருக்கு இருதய ஒப்பரேஷன். அவருக்காக நானும் பிரஷாந்தினியும் கோயிலில் கையில் மஞ்சள் நூல் கட்டினோம். கோட்டையிலோ, அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. மணிக்கூட்டைக்கூடக் கழற்ற வேண்டும்.

"நீளக்கைச் சட்டைதானே மச்சாள், ஆருக்குத் தெரியப்போகுது? அண்ணைக்காகக் கட்டினதை நானும் அறுக்கவோ போறன்?" என்றாள் பிரஷாந்தினி.

மறுநாள் காலை, உடை பார்க்கிற ஜினெத் வரிசையில் நின்ற இருபது பேரையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, சட்டைக் கையை உயர்த்தச் சொன்னாள். நூலைப் பற்றி அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜினெத் கத்தரிக்கோலை நீட்டினாள். மாட்டேன் என்றேன். வேடம் கைமாறியது.

கயிற்றுக்கு வெளியே சனத்தோடு சனமாக நின்று பார்த்தேன். பிரஷாந்தினி என் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் பேச்சைப் பேசினாள். மூச்சு விடச் சொல்லிக்கொடுத்த இடத்தில்கூடச் சரியாக மூச்சு விட்டாள். வேடம்தானே, கொண்டு போகட்டும் என்று மனதைத் தேற்றினேன்.

கடைசியில் வள்ளக்காரரை வரவேற்க இரண்டு கைகளையும் உயர்த்தினாள். சட்டைக் கை முழங்கைவரை சரிந்தது. நூல் இல்லை. அது இருந்த இடத்தில் மஞ்சள் மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது.

சனம் கைதட்டியது. என் போன் அடித்தது. இவர்தான்.

"பேசி முடிஞ்சுதோ அஜந்தா? தங்கச்சி பக்கத்தில நிக்கிறாளோ?"

"ஓம், நிக்கிறாள்."

"நீங்கள் ரெண்டு பேரும் நூல் கட்டினதிலதான் எனக்குப் பயம் விட்டது. அவளுக்கும் சொல்லு."

"பிறகு சொல்லுறன்," என்றேன்.