பெயர் வெட்டும் சுகிர்தமும் பன்னிரண்டே கால் பஸ்ஸும்

செத்துப்போய் நூற்றுப்பத்து வருடமான ஒரு வெள்ளைக்காரர் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியது போன வருடம் ஆனி மாதம், குமுளியிலிருந்து வரும் பன்னிரண்டே கால் பஸ்ஸில். அன்றைக்குத் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். தோல் ஏப்ரன் கட்டியிருந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார். கையில் சுகிர்தம் எழுதிய தபால் கார்டு இருந்தது. பூக்கடைக்காரர்கள் பாத்திரக்கடை இருக்கும் திசையைக் காட்டிவிட்டு மறுபடியும் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார்கள்.

சுகிர்தம் ஈஸ்வரபாண்டியின் பாத்திரக்கடை வாசலில் இருபத்திரண்டு வருடமாகப் பெயர் வெட்டுகிறவள். சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் சொல்லும் பெயரை மிஷினை வைத்துக் குடத்திலும் தட்டிலும் வெட்டித் தருவாள். மலைமேல் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் சாப்பாட்டுச் சாமான்களை ஈஸ்வரபாண்டி ஏலத்தில் எடுத்து வந்தார். வெள்ளி முலாம் பூசிய தட்டுகள், டீ ஜாடிகள், கரண்டிகள், நம்ம ஈயச் சொம்பு நிறத்தில் மங்கிப்போன பியூட்டர் குவளைகள் என்று மூன்று பெட்டி நிறைய இருந்தன. அடியில் இருக்கும் முத்திரை யாருடையது என்று தெரிந்தால்தான் வாங்குவேன் என்று கொச்சிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். ஈஸ்வரபாண்டி அந்த வேலையைச் சுகிர்தத்தின் தலையில் கட்டினார். பக்கத்துப் பூக்கடைப் பஞ்சம்மாளிடம் விபூதி வாங்கித் தேய்த்துப் பார்த்தால், கிரீடம், நங்கூரம், சிங்கத்தலை, பாதி தேய்ந்த எழுத்துகள். தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து, ஈஸ்வரபாண்டியின் போனில் தேடித் தேடிப் பெயரும் ஊரும் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகுதான் நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தப்பைச் செய்தாள். நமக்குப் பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது சொந்தக்காரர் பெயர். விசேஷ வீட்டில் கரண்டி மாறிப்போனால் பெயரைப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கார்டு போட்டாள்: ‘தங்கள் பெயர் போட்ட பாத்திரம் எங்களிடம் உள்ளது. வந்து பெற்றுக்கொள்ளவும்.’ பாதிச் சாமானில் ஈ.பி.என்.எஸ். என்று இருந்ததால், அது அப்பன் பாட்டன் இனிஷியலோடு யாரோ பெரிய பணக்காரர் என்று நினைத்து அவருக்கும் ஒன்று போட்டாள். அது நிக்கல் கலவையில் வெள்ளி பூசியது என்பதற்கான அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. தபால்காரர் மொக்கைச்சாமி எல்லாக் கார்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எந்த வழியாக அனுப்பினார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் விழுகிற லோயர் கேம்ப்பில், தண்ணீரோடு வந்து பஸ் ஏறினார்கள். கண்டக்டர் அஜய்குமார் எத்தனை தடவை அமுக்கினாலும் அவர்களுக்கு மட்டும் மிஷினில் டிக்கெட் வராது. “சரி, உள்ள போங்க சார்” என்று விட்டுவிடுவார். முதலில் வந்தவரிடம் சுகிர்தம் ஜாடியைக் கொடுத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். முத்திரையைத் தொட்டார், பிறகு தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஜாடி அவருடையது இல்லை, அவர் செய்தது. பற்றவைத்த இடத்தை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, டீ குடித்து, இரண்டு மணி பஸ்ஸில் மலைக்குத் திரும்பினார். அன்று சுகிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் அவள் புருஷன் ஜஸ்டின். ஒன்பது வருடத்துக்கு முன்பு அதே வாசலில் ஈயம் பூசிக்கொண்டும் பற்றவைத்துக்கொண்டும் இருந்தவன். தான் கைவைத்த பாத்திரத்தின் அடியில் கடுகளவுக்கு ஒரு ஏலக்காய் வரைந்துவிடுவான். மார்க்கையன்கோட்டைப் பெண்வீட்டார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் சீரில் எவனோ அடையாளம் போடுவதா என்று கடையையே இரண்டாக்கினார்கள். சுகிர்தமும் கூட்டத்துக்கு நடுவில் அவனைப் பார்த்துக் கத்தினாள்: “ஊரார் பாத்திரத்துல ஒங்களுக்கு எதுக்கு அடையாளம்? ஒங்க சொத்தா அது?” ஜஸ்டின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறினான். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்கள் பெயர் கேட்பார்கள். ஜஸ்டினின் அக்காள் இருதயம்மாள் வந்து நிற்பாள். “எந்தம்பி மோச்சத்துக்கு வழி தெரியாம அலையிறானோ என்னமோ. பேரக் குடுத்துரு ஆத்தா.”

“செத்தாகளா இருக்காகளான்னு தெரியாம எப்பிடி மதினி குடுக்க?”

இரண்டாவது பெட்டியில் கைப்பிடி பற்றவைத்த ஒரு பியூட்டர் குவளை இருந்தது. அடியில் ஒரு கிரீடம், கிரீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய். முதல் நாளே பார்த்துவிட்டாள். “இது யாருதுன்னு தெரியலண்ணே” என்று ஈஸ்வரபாண்டியிடம் பொய் சொல்லி ஒதுக்கி வைத்தாள். முதல் ஆள் வந்துபோன பிறகு பயமும் சேர்ந்துகொண்டது: கார்டு போட்டால் வருகிறவர்கள் எல்லாரும் செத்தவர்கள். ஜஸ்டினும் வந்துவிட்டால்?

ஐப்பசிக்குள் பதினேழு பேர் வந்து போனார்கள். அந்தக் குவளை ஒன்றுதான் பாக்கி. இருதயம்மாளும் பெயர்ச் சீட்டோடு வர ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் சுகிர்தம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு கார்டு எழுதினாள். ஒன்று கிரீடக்காரருக்கு, வழக்கமான வாசகம். இன்னொன்றில், ‘நான் சொன்னது தப்பு. ஒங்க அடையாளம் அங்கனயே இருக்கட்டும்’ என்று எழுதி, விலாசத்தில் ‘ஜஸ்டின், மலைமேல்’ என்று மட்டும் போட்டாள். அதன் பிறகு தினமும் பன்னிரண்டே காலுக்கு பஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடக் கூடாதே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட ஒரே பெண் இந்தப் பள்ளத்தாக்கில் அவளாகத்தான் இருப்பாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி விடிந்ததிலிருந்தே மழை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். கடைசியாக இரண்டு பேர் இறங்கினார்கள். தோல் ஏப்ரன் கட்டிய ஒருவர். அவருக்குப் பின்னால், நரைத்த தாடியோடு ஜஸ்டின். சுகிர்தத்தின் கையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்து, யாரோ ஒரு மணப்பெண்ணின் பெயர் தட்டில் கோடாக இழுத்துக்கொண்டு போனது. பெயர்ச் சீட்டோடு வந்து நின்றிருந்த இருதயம்மாள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“கார்டு வந்துச்சு” என்றான் ஜஸ்டின்.

அவள் அவன் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அன்றைக்கு எல்லார் கையும் சில்லென்றுதான் இருந்தது.

“டிக்கெட் எடுத்தீகளா?”

அவன் ஒன்றும் புரியாமல் சட்டைப்பையைத் துழாவினான். நனைந்து ஒட்டிப்போன ஒரு தாள் வந்தது. அவள் அதைப் பிரித்தாள். லோயர் கேம்ப் டூ சின்னமனூர், முழு டிக்கெட் ஒன்று.

கடைவீதி என்றும் பாராமல் சுகிர்தம் ஓவென்று அழுதாள். “ஒம்போது வருசமாய்யா ஒரு கோவம்?” என்று அவன் நெஞ்சில் அடித்தாள். இருதயம்மாள் சீட்டைக் கிழித்து மழைத்தண்ணீரில் போட்டாள். ஏப்ரன் கட்டியவர் அழுகை ஓய்கிறவரை மரியாதையாக ஒதுங்கி நின்றார். பிறகு குவளையை வாங்கித் திருப்பி, தன் கிரீடத்தைப் பார்த்தார். அதைவிட நேரமெடுத்து ஜஸ்டின் பற்றவைத்த கைப்பிடியைத் தடவிப் பார்த்து, அவனைப் பார்த்துத் தலையசைத்தார். ஜஸ்டினும் தலையசைத்தான். பஞ்சம்மாள் நாலு டீ சொன்னாள்.

இரண்டு மணி பஸ்ஸில் ஒருவர்தான் ஏறினார்.