ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்த வெர்னா

நாலு மணி ஆனால் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டவர்கள் எல்லோரும் மடக்கு நாற்காலியோடு ஒரு கூலிபா மரத்தடியில் கூடிவிடுவோம். அங்கே ஒருவனுடைய படிப்பையோ பதவியையோ யாரும் விசாரிப்பதில்லை. அவன் நீட்டுகிற பீர் சில்லென்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் கணவன் நெவில் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். எந்தப் பெருமையும் இல்லாத மனிதன், பீர் விஷயத்தில் மட்டும் மகாராஜா.

டிரங்குப் பெட்டி அளவு இருக்கும் எங்கள் ஃபிரிட்ஜில் பீரோடு என் சர்க்கரை நோய்க்கான ஏழு வாரத்து இன்சுலின் ஊசிப் பேனாக்களும் இருந்தன. அவை கெட்டால் திரும்ப வாங்க மவுண்ட் ஐசா நகரத்துக்குத்தான் போக வேண்டும், முந்நூறு கிலோமீட்டர். "அம்மா மருந்து என் பொறுப்பு" என்று மகளிடம் மார்தட்டிவிட்டுத்தான் நெவில் வண்டியைக் கிளப்பினான். ஃபிரிட்ஜுக்கென்றே வண்டியின் பின்புறம் தனி பேட்டரி ஒன்று வைத்திருந்தான். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அன்று ஐந்து ஜோடிகள் வந்துவிட்டார்கள். நெவில் ஃபிரிட்ஜை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இழுத்து வந்தான். பின்புற வயர் எட்டவில்லை. முன் சீட்டருகே இருக்கும் சாக்கெட்டில் செருகினான். அது வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியிலிருந்து கரண்ட் எடுப்பது. அந்த பேட்டரி இறங்கினால் வண்டி கிளம்பாது என்பதால், ஃபிரிட்ஜ் முன்கூட்டியே தானாக அணைந்துகொள்ளும்படி ஒரு காவல் இருக்கிறது. ஃபிரிட்ஜ் விருந்தாளிகள் முன்னாலேயே இரண்டு தடவை அணைந்தது. மானம் போகிறதே என்று நெவில் அந்தக் காவலை ஆகக் கீழே இறக்கி, லேசில் அணையாதபடி செய்துவிட்டான். ஒரு மணி நேரம்தான், அப்புறம் மாற்றிவிடுகிறேன் என்றான்.

தனியாக ஊர் சுற்றும் எழுபத்தெட்டு வயது வெர்னா மட்டும் கறுப்பு டீயோடு உட்கார்ந்து, அந்த பேட்டரியைத் தொடாதே என்று சொல்லிப் பார்த்தார். டீ குடிக்கிறவர்களுக்கு ஃபிரிட்ஜைப் பற்றி என்ன கவலை என்று நெவில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

கைப்பையிலிருந்த பேனா அன்று ராத்திரியோடு தீர்ந்தது. காலை ஏழு மணிக்குப் புதிய பேனா எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜில் விளக்கு இல்லை, சத்தமும் இல்லை. வயரை நேற்று செருகிய இடத்திலிருந்து யாரும் எடுக்கவே இல்லை. நெவில் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான். டிக் டிக் என்றதோடு சரி. அந்த ஐந்து ஜோடிகளும் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். செல்போனில் சிக்னல் கிடையாது. மூடியைத் திறந்து பேனாக்களைப் பார்க்கலாமென்று குனிந்தேன்.

"கையை எடு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெர்னா வந்து மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "உள்ள இருக்கிற குளிர்ச்சிதான் இப்ப உன் சொத்து. நாப்பது டிகிரி வெயில் வரப்போவுது, நீ கதவைத் திறந்து வேற வாங்கன்னு கூப்பிடப் போறியா?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் நெவிலை வேலை வாங்கினார். அவருடைய வண்டியை எங்கள் வண்டியருகே, முட்டாமல், நிறுத்தச் சொன்னார். அதிலிருந்த இணைப்பு வயர்களை எடுத்து, சிவப்பை இரண்டு பேட்டரிக்கும் மாட்டச் சொன்னார். கறுப்பு வயரின் ஒரு முனையைத் தன் பேட்டரியில் மாட்டச் சொன்னார். கடைசி முனையை நெவில் எங்கள் பேட்டரியில் வைக்கப் போனபோது சத்தம் போட்டார்.

"அங்க வேணாம் ராசா. பொறி பறந்தா மீசை மிஞ்சாது. இஞ்சின் இரும்புல மாட்டு."

ஐந்து நிமிடம் கழித்து எங்கள் வண்டி உறுமியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெவில் இணைப்பு வயர்களைக் கழற்றி, வண்டியின் பின்புறம் ஃபிரிட்ஜுக்கு எட்டும்படி நகர்த்தி நிறுத்தி, ஃபிரிட்ஜ் வயரைப் பின்புற பேட்டரிக்கு மாற்றினான். விளக்கு எரிந்தது. உடனே அவன் பாய்ந்து வந்து ஃபிரிட்ஜின் எண் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ பட்டனை அழுத்தப் பார்த்தான். நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த அவசரம் புரியாதா? கையைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். மைனஸ் ஆறு.

பீர் சீக்கிரம் குளிரட்டும் என்று நேற்று அவனே இறக்கி வைத்த அளவு. இன்சுலின் சூட்டில் கெடும். ஆனால் உறைந்தாலும் கெடும், பிறகு உருகினாலும் உதவாது. இதை மருந்துக் கடைக்காரர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார். சூடேறியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது உறைந்திருக்குமோ என்ற பயம்.

வெர்னா எழுந்து வழிவிட்டார். நான் திறந்தேன். பேனாப் பெட்டிக்குள் குட்டி வெப்பமானி ஒன்று உண்டு. நேற்றிலிருந்து எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்று இரண்டையும் அது காட்டும். கண்ணாடி இல்லாமல் அந்தப் பொடி எண்கள் தெரியவில்லை. வெர்னாவிடம் நீட்டினேன்.

"ஆகக் குறைஞ்சது ஒண்ணு. ஆகக் கூடினது ஆறு," என்றார். "உறையவும் இல்ல, சூடாகவும் இல்ல. அவன் அடுக்கின சூடான பீரால மெதுவாத்தான் குளிர்ந்திருக்கு. மிச்சத்தைச் செத்த பேட்டரி பார்த்துக்கிச்சு. இன்னும் நாலு மணி நேரம் ஓடியிருந்தா எல்லாம் ஐஸ்தான், பொண்ணு."

அந்தக் கிழவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இஞ்சினை இரண்டு மணி நேரமாவது ஓடவிடு, உடனே அணைத்துவிடாதே என்று நெவிலிடம் சொல்லிவிட்டு அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதிய பேனாவில் ஊசியை மாட்டினேன். நெவில் முன்னால் மண்டியிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மருந்து முழுவதும் இறங்கும்வரை ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"க்ளெனிஸ், நாலு பேரு மெச்சணும்னு நான் உன்னை..." என்றான்.

திட்டுவதற்கு நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். உயிரோடு உட்கார்ந்திருப்பதே பெரிய நிம்மதியாக இருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஊசி போட்டாச்சு, நான் சாப்பிடணும்," என்றேன். "முட்டையை உடை."