ஐந்து முதல் எட்டு வரை அனுமதி

அப்பா இறந்து பத்து மணி நேரம் ஆகியிருந்தது. மாடி வீட்டுக்காரர்களைத் தவிர மூன்றாம் குறுக்குத் தெருவில் யாருக்கும் தெரியாது.

அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பங்குனி உத்திரத்துக்கான பெரிய கோலம். வீட்டுக்காரர் ஜெயவேலு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காவி இழுத்துடுங்கம்மா. எல்லா வூட்லயும் இழுத்திருக்காங்க."

அம்மா காவிப் பொடி எடுக்க உள்ளே வந்தாள். அலமாரிக்குப் போக அப்பாவின் கட்டிலைத் தாண்ட வேண்டும். புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

சின்மயி கட்டிலருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி சூடான காற்றையே சுற்றியது. அவள் விலங்கியல் படித்தவள். காலை ஆறு மணிக்கு நாடி பார்த்ததும், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் அவள்தான். தாடையை உடனே கட்டியிருக்க வேண்டும். துணி கட்டினால் உள்ளே வருகிற யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா தடுத்துவிட்டாள். பத்து மணிக்குள் தாடை இறுகிவிட்டது. வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றுவிட்டது. இனி மூடாது.

காலையில் டாக்டரைக் கூப்பிடச் சொல்லத்தான் மாடிக்கு ஓடினாள். ஜெயவேலு இறங்கி வந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போய் வாசற்கதவைத் தாழிட்டார்.

"அழாதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் அழுங்க."

அவர் காலனி முருகன் கோயில் கமிட்டியின் செயலாளர். சாமி ஊர்வலத்துக்கு மூன்று வருடமாக போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. ஊர்வலம் போகும் வழியில் பஸ் ரோடு ஒன்று குறுக்கிட்டது. அவர் ஸ்டேஷனுக்கும், மின்வாரியத்துக்கும், உதவி கமிஷனர் ஆபீசுக்கும் நடந்து நடந்து இந்த வருடம் வாங்கிவிட்டார். மாலை ஐந்து முதல் எட்டு வரை. எட்டுத் தெருக்கள். ஒரு தெரு மாறினாலும் ரத்து.

தெருவில் பிணம் கிடந்தால், அதை எடுக்கும் வரை சாமி அந்தத் தெருவுக்குள் வராது. கோயில் நடையே திறக்காது. அம்மாவுக்கும் அது தெரியும்.

"வேற தெரு வழியா போகக்கூடாதா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பர்மிஷன் இந்த ரூட்டுக்குத்தாம்மா. மாத்தினா வண்டிய அங்கேயே நிறுத்திடுவான். அடுத்த வருஷம் மனுவைக் கையில கூட வாங்க மாட்டான்."

"நாளைக்கு வச்சுக்கலாமே."

"தேதி போட்டுக் குடுத்திருக்கான். சார் போயிட்டாரு. இனிமே அவருக்கு இன்னா அவசரம், சொல்லுங்க? எட்டு மணிக்கு மேல நானே ஐஸ் பெட்டி கொண்டாறேன். வேன், சங்கு எல்லாம் என் பொறுப்பு. அதுவரைக்கும் சத்தம் வெளிய வரக்கூடாது. யாருக்கும் போனும் வேணாம்."

"அத்தைக்கு மட்டும் சொல்லணும் அங்கிள்," என்றாள் சின்மயி. அத்தை கும்பகோணத்தில் இருந்தாள். அப்பாவுக்கு அக்கா, வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. காலையில் சொன்னால் மாலைக்குள் வந்து முகம் பார்த்துவிடலாம்.

"உங்க அத்தை தெருமுனையிலேயே மாரடிச்சுக்கினு வரும். வேணாம்மா." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "இந்த நேரத்துல வீட்டைக் காலி பண்ணச் சொல்ற ஆள் இல்ல நான். பண்ண வச்சுடாதீங்க."

அம்மா தலையாட்டினாள்.

இரண்டு மணிக்கு அத்தையே கூப்பிட்டாள். உத்திர நாள், அம்மன் கோயிலில் நிற்பதாகச் சொன்னாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள். ரிசீவரிலிருந்து சின்மயிக்கும் கேட்டது.

"தம்பி சாப்பிட்டானா ரமா?"

"சாப்பிட்டார் அண்ணி. தூங்குறார்."

"எழுப்பாத. தூங்கட்டும். சாயங்காலம் பேசறேன்."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

நாலரைக்கு ஜெயவேலுவின் மனைவி அபிதகுஜாம்பாள் சாம்பிராணியும் நான்கு முழம் மல்லிகையும் கொண்டுவந்தாள். அறைக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"சாம்பிராணி நல்லா போடு பாப்பா. வாசல் வரைக்கும் வருது." பிறகு அம்மாவின் தலையில் தானே பூவைச் சுற்றினாள். "வச்சுக்க ரமா. வெறுந்தலையோட நின்னா கேப்பாங்க. இன்னியோட சரிதானே, நாளையிலேருந்து வைக்கவா போற."

அம்மா குனிந்து கொடுத்தாள்.

ஐந்தரைக்கு ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் நாதஸ்வரம், அடுத்து ஜெனரேட்டர் வண்டி, அதற்கும் பின்னால் சீரியல் பல்பு கட்டிய டிராக்டரில் முருகன். பக்கத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். ஒவ்வொரு வாசலிலும் "நகருங்க, நகருங்க" என்றார்.

டிராக்டர் கேட்டுக்கு முன்னால் நின்றது. அம்மா தேங்காய்த் தட்டை நீட்டினாள். கமிட்டிப் பெண்கள் அவள் நெற்றியிலும் தாலியிலும் குங்குமம் வைத்தார்கள். "தீர்க்க சுமங்கலியா இருக்கணும்" என்றாள் ஒருத்தி. ஜெயவேலு தட்டை வாங்கிக் குருக்களிடம் கொடுத்தார்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"வைத்தீஸ்வரன், கேட்டை," என்றார் ஜெயவேலு. "உடம்பு சரியில்ல அவருக்கு. ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் பண்ணுங்க சாமி."

மந்திரத்தில் அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்டது. சின்மயி வாசற்படியில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தாலும் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. நாளைக் காலையில் அத்தை வரும்போது காட்ட முகம் இருக்காது.

எதிர்வீட்டு வில்பிரட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தினமும் அப்பாவோடு நடக்கப் போகிறவர்.

"உடம்புக்கு என்ன? அதான் காலையில வாக்கிங் வரலையா? கூப்பிடும்மா வைத்தியை."

"தூங்குறாரு வில்பிரட்," என்றார் ஜெயவேலு. "மாத்திரை போட்டிருக்காரு."

"என்னய்யா இது, அல்லேலூயா பார்ட்டி நானே வந்து நிக்கிறேன். அவரு வாசலுக்குச் சாமி வந்திருக்கு, தூக்கம் என்ன தூக்கம்?"

கூட்டம் சிரித்தது. வில்பிரட் தன் வீட்டு வாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

"உக்கார வச்சுத் தூக்கிட்டு வந்துடலாம். தம்பிங்களா, ரெண்டு பேர் வாங்க."

"நேரமாகுது, வண்டிய எடுங்கப்பா!" என்று ஜெயவேலு கத்தினார்.

"அட, ஒரு நிமிஷம் சார். முடியாதவர், தரிசனம் பண்ணட்டும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வில்பிரட் நாற்காலியோடு படியேறினார். ஜெயவேலு சின்மயியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார். அம்மாவும் அசைத்தாள். பூ தோளில் சரிந்து கிடந்தது.

சின்மயி நிலையின் இரு பக்கமும் கை வைத்து மறித்துக்கொண்டாள்.

"தள்ளும்மா."

"அப்பாவை உக்கார வைக்க முடியாது அங்கிள்."

"ஏன்? நாங்க பிடிச்சுக்கறோம். நீ கதவைத் திற."

"விறைச்சுப் போச்சு அங்கிள். அப்பா காலையில ஆறு மணிக்கே இறந்துட்டார்."