ராணி கதவைத் திறக்காத நாள்

காலை எட்டேகால் மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் ராணி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செல்போனைச் செருகியிருந்த வர்ஷா, இரண்டு வயது மிதுனாவை இறக்கிவிட்டுப் பையைக் கேட்டில் மாட்டினாள்.

"ஆயா, இன்னைக்குத் தயிர் வேணாம். சளி புடிச்சிருக்கு."

ராணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ராணி பதில் சொல்வதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ராணிக்கு வயது முப்பத்தெட்டு. வர்ஷாவைவிட ஆறு வயதுதான் மூத்தவள். தையல் கம்பெனி வேலை இடுப்பை ஒடித்துவிட்டதால் அதை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மற்ற மூன்று வீட்டாரும் "அக்கா" என்பார்கள். ஒன்றாம் தேதியே சம்பளம் தந்துவிடுவார்கள். வர்ஷாவுக்கு மட்டும் அவள் ஆயா. சாயங்காலம் ஆறரைக்கு வரவேண்டியவள் ஏழரைக்கு முன்னால் வந்ததே கிடையாது. போன மாதம் மிதுனா காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டாள். அந்தக் காய்ச்சலை முதலில் கண்டுபிடித்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, தாய் வரும்வரை தோளைவிட்டு இறக்காமல் வைத்திருந்தவள் ராணி.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு வீடியோ. மகளிர் தினத்தன்று வர்ஷாவின் ஆபீசில் எடுத்தது. ஆபீஸ்காரர்கள் நெட்டில் போட்டிருந்ததை எதிர்வீட்டு ஜமீலா தன் போனில் காட்டினாள். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலையில் எப்படி முன்னேறினீர்கள் என்று யாரோ கேட்க, வர்ஷா சிரித்தபடி மேனேஜருக்கு நன்றி சொன்னாள், ஊரில் இருக்கும் மாமியாருக்குச் சொன்னாள். "என் கணவர் ஜெகதீஷ்தான் குழந்தையை முழுக்கப் பார்த்துக்கறார்" என்று முடித்தாள். அந்த ஜெகதீஷை ஒன்றரை வருஷத்தில் ராணி இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள்.

"ஒன் பேரே வரலியேடி" என்றாள் ஜமீலா.

அன்று மதியம் மிதுனா சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டபோது ராணியின் கை தானாக ஓங்கியது. குழந்தை அந்தக் கையையே பார்த்தது. ராணி கையை இறக்கினாள். "ஒங்கம்மா மேல கீற கோவத்த ஒன் மேல காட்டப் பாத்தேனே" என்று அள்ளி அணைத்துக்கொண்டாள். ஆனால் கோபம் தணியவில்லை. யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவளுக்கே சேரட்டும் என்று அப்போதே முடிவுகட்டினாள்.

நாளும் தானாக வந்தது. வியாழக்கிழமை, வெளிநாட்டு அதிகாரிகள் முன்னால் வர்ஷா பேசவேண்டும். அவளுடைய ஆறு மாத உழைப்பு. வாசலில் நின்று தினமும் போனில் அதைத்தானே பேசினாள்! மற்ற மூன்று வீட்டாருக்கும் அன்று லீவு என்று ராணி ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாள். வர்ஷாவிடம் மட்டும் சொல்லவில்லை.

வியாழன் காலை கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, ஜமீலா வீட்டு ஜன்னலோரம் டீ டம்ளருடன் உட்கார்ந்தாள். இஸ்திரி போட்ட புடவையில் வந்த வர்ஷா பூட்டை இழுத்துப் பார்த்தாள். போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள் ராணி. நான்காவது முறைதான் எடுத்தாள்.

"ஆயா, எங்க இருக்கீங்க? வீடு பூட்டியிருக்கே!"

"இன்னிக்கு லீவு மேடம். ஒரு நாள் சம்பளத்த புடிச்சிக்கோங்க."

"முன்னாடியே சொல்ல வேணாமா? இன்னைக்குன்னு பார்த்து இப்படிப் பண்றீங்களே!"

"ஒங்க ஊட்டுக்காரர்தான் கொயந்தைய முழுக்கப் பாத்துக்கறாரே. அவராண்ட உட்டுட்டுப் போங்க."

வர்ஷா அடுத்து ஜெகதீஷிடம் கெஞ்சுவது ஜன்னல்வரை கேட்டது. அவனுக்கும் ஏதோ மீட்டிங்காம். மிதுனா கேட்டைத் தட்டி "ராணிம்மா, ராணிம்மா" என்று அழுதாள். ராணி எழுந்துவிட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் வந்த வழியே திரும்பிப் போகும்வரை பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று சோறு ருசித்தது.

சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் குழந்தையோடு வந்து நின்றார்கள். வர்ஷாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஆறு மாசம் ராத்திரி பகலா நான் செஞ்ச வேலைங்க. நான் போகலைன்னு எங்க ஆபீஸ்ல சிவராமன்னு ஒருத்தர் எனக்குப் பதிலா பேசிட்டார். எல்லாரும் அவரைப் பாராட்டினாங்களாம். என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலை."

"எரியுதா?" என்றாள் ராணி.

"எரியுதுங்க."

"எரியட்டும். எனக்கு ஒன்றர வருஷமா எரிஞ்சிகினு கீது. மகளிர் தினத்துல நீ பேசுன வீடியோவ நானும் பாத்தேன்."

வர்ஷாவின் முகம் வெளுத்தது. ஜெகதீஷ் குறுக்கே வந்தான். "எவ்வளவு கேட்டாலும் தந்துடறோம்க்கா."

"துட்டு பத்தி அப்பால பேசு சார். நீதான முழுக்கப் பாத்துக்கறவன்? காலைல போன் வந்தப்போ இன்னா சொன்ன?"

அதற்குள் மிதுனா அம்மாவின் இடுப்பிலிருந்து ராணியிடம் தாவிவிட்டாள். ராணி குழந்தையை வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றாள் வர்ஷா. அந்த வாசலில் அவள் முதல்முறையாக அக்கா என்றாள்.

ராணியின் குரல் இளகவில்லை.

"மன்னிப்பெல்லாம் இப்போ வராது. நாளைலேர்ந்து கொயந்தைய வச்சிக்கறேன், அது மொகத்துக்காக. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நீ அங்க நிம்மதியா ஒக்காந்து வேல பாக்குறன்னா, இங்க ஒருத்தி ஒன் கொயந்தைய மடில வச்சிகினு கீறா. அவளுக்குச் சேரவேண்டிய துட்ட கொறைக்காம குடு. சொன்ன நேரத்துக்கு வா. நாலு பேர் நடுவுல நன்றி சொல்றப்போ அவ பேரையும் சேத்துச் சொல்லு. புள்ளைய வளக்கறவள மதிக்கத் தெரியாதவங்களுக்கு, அவ கைல புள்ளைய உட்டுட்டுப் போக இன்னா உரிமை கீது?"