வெள்ளைக் கழுகுக்கு முளைத்த வாள்கள்

1

இந்தக் கதை என் வாய்க்குள் பிறந்தது. பல் மருத்துவர் விதோசவா என் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். நான் 'ஆ'வென்று கிடந்தேன். குறுக்கே பேசாமல் நான் கேட்ட ஒரே கதை இதுதான்.

2

பனி கொட்டிய பெல்கிரேடில், பீரங்கிகளுக்கு நடுவே ஒரு மாவீரன்...

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அவருடைய கொள்ளுத்தாத்தா போர்முனைக்கே போகாதவர்.)

மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை, சேகரிப்பாளர் சந்தை. விதோசவா ஒரு வெள்ளைக் கழுகின் முன் நின்றுவிட்டார். செர்பிய அரசர்கள் தந்த விருதுப் பதக்கம். போரில் சாதித்தவருக்கு வாள்களோடு, மற்ற சேவைக்கு வாளில்லாமல். இதில் கிரீடத்துக்கும் கழுகுக்கும் நடுவே குறுக்காக இரண்டு வாள்கள்.

இறக்கையில் எனாமல் பெயர்ந்த பிறைத் தடம். குழந்தையாக இருந்தபோது விதோசவா கடித்த தடம். பணம் வெறும் காகிதமாகிப்போன வருஷங்களில் அப்பா இதை விற்று மாவும் எண்ணெயும் வாங்கினார். அப்போது வாள் கிடையாது.

(அடிக்குறிப்பு: பால்பல்லுக்கு அவ்வளவு வலுவா என்று கேட்க நினைத்தேன். வாயில் பஞ்சு.)

3

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். கழுகின் முலாம் மங்கியிருந்தது, வாள்களுடையது பளபளத்தது. கிரீடத்தடியில் ஈயப்பற்று, உறைந்த சளி மாதிரி.

"யாருப்பா இந்த வாளை ஒட்டினது?"

"ஞாயித்துக்கிழமையும் சொத்தை தேடுறீங்களே டாக்டரம்மா," என்றான் கடைக்காரன் குவோஸ்தென்.

"இந்த லட்சணத்துல நான் பல்லடைச்சா என்னை அடிக்க வருவாங்க. சொல்லு."

"எங்கிட்ட வந்ததே இப்படித்தான்க்கா. வாளில்லாத கழுகை யாரு சீந்துறா? இப்ப பாருங்க, வீரன் கணக்கா இருக்கு."

"இது எங்க கொள்ளுத்தாத்தாவோடது, மொத உலகப் போர்ல வால்யெவோ ஊர்ல டைஃபஸ் காய்ச்சல் வார்டுல நின்ன டாக்டர். பேன் மொய்ச்ச துணிய வேக வெச்சு ஆளுங்களப் பொழைக்க வெச்சாரு. அதே காய்ச்சல் வந்து காதே போச்சு அவருக்கு. அது பத்தலையா உனக்கு?"

"எனக்குப் பத்தும். வாங்குறவனுக்குப் பத்தலையே."

இங்கே எனக்கு ரத்தம் கொதித்தது. முழுப் போலியை மன்னித்துவிடலாம். அது யாரையும் அறியாத தகரம். இது உண்மையான விருது. உயிரைக் காத்ததற்குத் தந்ததை, சண்டையில் காட்டிய தீரத்துக்குத் தந்ததாக ஒருவன் திருத்தியிருக்கிறான். காப்பாற்றினால் மலிவாம்! இதையெல்லாம் முழங்க வாயெடுத்தேன். 'ங்ஙா' என்று வந்தது. வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டார்.

(இரண்டாம் வரைவில் நானும் அந்த டாக்டர் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. சீ.)

4

விதோசவா அதை வாங்கிவிட்டார். பொய் வாளுக்கும் சேர்த்து விலை கொடுத்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இப்போது அது என் பல்லைக் குடையும் கருவிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

"சூடு காட்டினா ஈயம் உருகி வாள் வந்துடும்," என்றார். "ஆனா எனாமல் தாங்காது, கழுத்தோட வெடிச்சாலும் வெடிக்கும். அறுத்தா அதிர்வுல பெயரும். அப்படியே விட்டா, எங்க கொள்ளுத்தாத்தா செய்யாத சண்டையச் சுமந்துக்கிட்டு சுவத்துல தொங்கணும்."

முடிவு ஒன்று: வாள்கள் அழகாகக் கழன்றன, கழுகு முழுசாக... (யார் நம்புவார்கள்?)

முடிவு இரண்டு: கழுகின் இரட்டைத் தலையும் தெறித்து... (எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: விதோசவா சுடரைப் பற்றவைத்து, கழுகின் கழுத்தருகே கொண்டுபோய்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. கருவி இனி உங்கள் கையில். எனாமல் நூறு வருஷப் பழசு, பார்த்து.)