வெள்ளவத்தைக்கு மட்டும் வேலை செய்யாத பொத்தான்

மருந்துக்கடையின் கொட்டாஞ்சேனைக் கிளைக்கு ஓடர் வந்து குவிந்தது. வெள்ளவத்தைக் கடைக்கு ஒன்றுமே வரவில்லை. இரண்டுக்கும் ஒரே இணையத்தளம். சாருஜா தனியாகச் செய்த முதல் தளம்.

"இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் பாப்பேன் மகள்," என்றார் பாமசி முதலாளி ஸஹாப்தீன். "வராட்டி தளத்த மூடிட்டுப் பழையபடி டெலிபோன் ஓடருக்குப் போறேன்."

"மூட வேண்டி வராது, ஸஹாப்தீன் நானா."

சொல்லிவிட்டாள். காரணம் இன்னும் தெரியாது. தேடினால் அகப்படும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பம்பலப்பிட்டி அலுவலகத்தில் எல்லாருடைய போனிலும் ஓடர் அனுப்பும் பொத்தான் வேலை செய்தது. அவளே எழுதியது. அமத்தினால் ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சையாகும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பின்னொழுங்கை மாடிக் குடியிருப்பில் இருக்கும் நேசமலர் டீச்சர் மருந்துத் துண்டோடு உள்ளே வந்தார்.

"உங்கட தளம் சும்மா வடிவுக்கோ, ஸஹாப்தீன்? அமத்தி அமத்தி விரல் தேஞ்சு போச்சு."

"செஞ்சவங்க இவங்கதான், டீச்சர்." அவர் தயங்காமல் காட்டிக்கொடுத்தார்.

"போனை ஒருக்காப் பாக்கலாமோ, டீச்சர்?"

ஐபோன். பழசு, கண்ணாடியில் கீறல்.

"லண்டனில மகள் புதுசு வாங்கினவுடன இது எனக்கு வந்திட்டுது. எங்கட ஃபிளாட்டில முக்கால்வாசிப் பேரிட்டயும் இதுதான். பிள்ளையளின்ர மிச்சம்."

சாருஜா மருந்துக்கு நின்றவர்களின் கைகளைப் பார்த்தாள். எல்லாம் அதே ஜாதி. ஐபோன்காரர் கொஞ்சப் பேர், பிறகு பார்க்கலாம் என்று அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனைக்கு அது சரி. அங்கே போனை அவரவர் வாங்குகிறார்கள், மலிவான அண்ட்ரொய்ட். வெள்ளவத்தைக்கு அது பிளேனில் வருகிறது.

கூட வேலை செய்யும் உமாசுதனுக்கு அழைத்துச் சொன்னாள்.

"குரோமில திறக்கச் சொல்லு."

"அவையின்ர ஐபோனில குரோமுக்குள்ளயும் சஃபாரிதான் அண்ணா. சட்டை மட்டும் வேற."

"அப்ப ஒட்டுப் போடு. அதுக்கு ரெடிமேட் கோட் கிடக்கு."

"வேண்டாம். திருப்பி எழுதுறன்."

சாதாரணப் பொத்தான் ஒன்றை எடுத்து, தான் உண்டாக்கிய பெயரை அதன்மேல் ஏற்றியிருந்தாள். ஓடர் அனுப்பும் வேலை முழுக்க அந்தப் பெயரோடு கட்டியிருந்தது. மற்ற உலாவிகள் ஒத்துக்கொண்டன. சஃபாரி அந்தப் பெயரைக் கண்டுகொள்ளாது. அதற்கு அது வெறும் பொத்தான், பின்னால் ஒன்றுமில்லை. பிழை என்றுகூடச் சொல்லாது. முழுக்கத் தன்னுடையதாக ஒரு கூடு செய்து பொத்தானை அதற்குள் வைத்தால் சஃபாரியும் ஏற்கும். அவ்வளவுதான்.

டீச்சருக்கு உட்காரக் கதிரை வந்தது. சாருஜாவுக்குத் தேத்தண்ணி வந்து ஆறியது.

"இப்ப அமத்துங்கோ, டீச்சர்."

பொத்தான் சுற்றியது. பச்சையானது. கல்லாத் திரையில் வெள்ளவத்தையின் முதல் ஓடர் வந்து நின்றது. ஸஹாப்தீன் அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு மருந்தைப் பையில் போட்டு நீட்டினார்.

"வீட்ட அனுப்புங்கோ," என்றார் டீச்சர்.

"இங்கதானே நிக்கிறீங்க. கையிலயே தாறேன்."

"அப்ப நான் என்னத்துக்கு அமத்தினனான்?"

குடையை எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.

ஸஹாப்தீன் நீட்டிய பையோடு நின்றார்.

"நான் மூட நெனச்சாலும் இவங்க விடமாட்டாங்க போல," என்றார். டெலிவரிக்கு ஆளைக் கூப்பிட்டார்.