புகைக்குழாய்க்கு ஒரு பூச்சு

மகள் ஜெயரூபியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, கார் கேட்டு யார் வந்தாலும் தில்லைநாதன் ஒரே மறுமொழியைத்தான் சொன்னான்.

"சைலன்சர் உடைஞ்சு கிடக்கு. ஓடேலாது."

அது பொய்யில்லை. உடையார்கட்டில் வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனர் அவனுடையது. போர்த் தடையால் பெற்றோல் வராத காலம். சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில்தான் ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் புகைக்குழாய் அடுப்புப்போலக் காயும். காய்ந்த குழாயில் மாரித் தண்ணீர் பட்டுப் பட்டு இரும்பு உக்கிவிட்டது. மலேரியா தலைக்கேறிய மகளைப் பின்சீற்றில் கிடத்திக்கொண்டு புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று, தேவிபுரத்துக்குக் கிட்ட சைலன்சர் கழன்று றோட்டில் இழுபட்டது. அவன் இறங்கி, கம்பியால் கட்டினான். திரும்பி ஏறியபோது மனைவி பத்மாசனி மகளின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"முந்தி வந்திருந்தாலும் கஷ்டம்தான் ஐயா" என்றார் டொக்டர். தில்லைநாதன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்த பிறகு அவனும் மனைவியும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. வேறு எதைப்பற்றியும் பெரிதாகக் கதைக்கவில்லை.

கொல்லப்பட்டறை இளையதம்பி பழைய எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை வளைத்துப் புதுச் சைலன்சர் செய்து கொடுத்தார்.

"பூட்டிப்போட்டு ஓடும். சும்மா ஏன் வைச்சிருக்கிறீர்?"

"பெயின்ற் அடிக்காமல் பூட்டினால் ஒரு மாரிக்குத் தாங்காது அண்ணை."

"சைலன்சருக்குச் சும்மா பெயின்ற் நிக்காது. எரிஞ்சு போயிடும்."

"அதுதான். சூடு தாங்கிற பெயின்ற் பாக்கவேணும்."

அந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெயின்ற் தேடிப் போனான். தடை போட்ட சாமான்களுக்குள் பெயின்றும் ஒன்று. புதுக்குடியிருப்புக் கடையொன்றில் கேற்றுக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்றில் அடிவண்டல் கிடைத்தது. பிறகு, அரிசி மில் வைத்திருந்த செல்வநாயகத்தாரின் வீட்டில், மில் புகைபோக்கிக்கு முந்தி அடித்த வெள்ளிப் பெயின்றில் அரை ரின் கிடைத்தது. மேலே தடித்த தோல் கட்டியிருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டுக் கலக்கினால் அடியிலிருந்து வெள்ளி எழும்பி வந்தது. மூன்றாவதாக, செத்த பற்றரிக் கட்டைகளின் கரியை இடித்து எண்ணெயில் குழைத்தான்.

உடைந்த குழாயிலிருந்து மூன்று துண்டு அறுத்து, துருப்பிடித்த கறளை உரஞ்சி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றைப் பூசினான். காயவிட்டு இளையதம்பியின் உலையில் வைத்தான். கறுப்புப் பெயின்ற் கொப்புளித்து, நாறி, உரிந்து விழுந்தது. கரி சூட்டைத் தாங்கியது. ஆறிய பிறகு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. வெள்ளி கொஞ்சம் மங்கியது, ஆனால் நின்றது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். பத்மாசனி சுளகை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"வெள்ளிதான் நிண்டிருக்குது."

"ஓம். இன்னும் ஒருக்கா நல்லாச் சுட்டுப் பாக்கவேணும்."

"பிறகு?"

"பிறகு சூட்டோட தண்ணியில போட்டுப் பாக்கவேணும். றோட்டில தண்ணி அடிக்கும்தானே."

"அடிக்கும்" என்றாள்.

பல நாட்களுக்குப் பிறகு அவர்கள் கதைத்த நீண்ட கதை அதுதான். அடுத்த நாளும் அதையே கதைத்தார்கள். தண்ணீரில் போட்டும் வெள்ளி போகவில்லை. தில்லைநாதன் இரண்டு பூச்சா ஒரு பூச்சா என்று யோசித்தான். தடிப்பாகப் பூசினால் வெடிக்கும், மெல்லிசாகப் பூசினால் கறள் ஊறும். அதற்கென்று இன்னுமொரு துண்டு அறுத்தான். கார் வேப்பமரத்தடியில் நின்றது. கண்ணாடியில் இலைகள் ஒட்டிக் கிடந்தன. அவன் அதன் கதவைத் திறக்கவேயில்லை.

ஒருநாள் அவன் சைக்கிளுக்கு ரியூப் ஒட்டிக்கொண்டு வந்தபோது, பத்மாசனி புதுச் சைலன்சரைச் சாக்கில் கிடத்தி வெள்ளியைப் பூசிக்கொண்டிருந்தாள். தூரிகை இல்லை, தும்புத்தடியின் தும்பைக் கட்டியிருந்தாள். கை முழங்கைவரை வெள்ளி.

"என்ன செய்யிறீர்? நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை."

"பாத்தது காணும்."

அடுத்த நாள் அவன் சைலன்சரைப் பூட்டினான். தள்ளிப்போட வேறு காரணம் இல்லாததால் பூட்டினான். பூட்டிவிட்டுச் சொன்னான்: "உடன ஓடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாச் சூடாக்கி ஆறவிடவேணும். இல்லாட்டி எல்லாம் கழரும்."

"சரி" என்றாள் பத்மாசனி.

அன்று பின்னேரம் நல்லதம்பி வயலிலிருந்து ஓடிவந்தார். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குப் பிறகு வந்து, வாய்க்காலுக்கு அங்காலே காடு வெட்டிக் குடியிருந்தவர். சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்.

"ஐயா, என் சம்சாரம் வடிவம்மாவப் பாம்பு கடிச்சிருச்சுங்க. களை புடுங்கையில. புடையன்னு நெனைக்கிறேன், விரியன் சாதி. ரெண்டு பேரு தூக்கிட்டு வாறாங்க."

தில்லைநாதன் காரைப் பார்த்தான்.

"பெயின்ற் காயேல்லை" என்றான்.

நல்லதம்பிக்கு அது விளங்கவில்லை. "என்னங்கையா?" என்று மறுபடியும் கேட்டார்.

பத்மாசனி குசினியிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய்க் காரின் பின்கதவைத் திறந்து ஏறினாள். அந்தச் சீற்றின் மூலையில் ஒடுங்கி இருந்துகொண்டு மற்றப் பக்கத்தை விட்டாள்.

"கொண்டுவந்து என்ர மடியில தலையை வையுங்கோ" என்றாள். பிறகு புருஷனிடம்: "எடுங்கோ."

அவன் பெற்றோல் போத்தலை எடுத்தான். கை தன்பாட்டில் வேலை செய்தது. இரண்டாவது முறையில் இயந்திரம் பற்றியது. அதற்குள் வடிவம்மாவைத் தூக்கிவந்து பின்சீற்றில் கிடத்தியிருந்தார்கள்.

றோட்டில் ஏறியதும் பூச்சு எரியும் மணம் காருக்குள் வந்தது. முன்சீற்றில் இருந்த நல்லதம்பி நெருப்பென்று பயந்தார். "பெயின்ற்தான். பயப்பிடாதேங்கோ" என்றான் தில்லைநாதன். அவனுக்குத் தன் குரல் வேறு யாருடையதோபோலக் கேட்டது. வடிவம்மா பல் முரசில் இரத்தம் கசிய முனகினாள். பத்மாசனி அவளுடைய வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

தேவிபுரத்தில் அந்த இடம் வந்தது. ஒரு மதகு, அருகே ஒரு பாலைமரம்.

"இதிலதானே நிண்டனாங்கள்?" என்றாள் பத்மாசனி பின்னாலிருந்து.

"ஓம்."

"இண்டைக்கு நிக்காதேங்கோ."

அவன் நிற்கவில்லை. பள்ளங்களில் தண்ணீர் அடித்தது. குழாய் சீறியது, ஆனால் கழரவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. அந்தக் கிழமைதான் வந்ததாம். வடிவம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். தில்லைநாதனும் பத்மாசனியும் வெளியே ஒரு நீள மர வாங்கில் இருந்தார்கள். முந்தியும் அதே முற்றத்தில்தான் நின்றிருந்தார்கள். அழுகை வரும் என்று அவன் நினைத்தான். வரவில்லை. அவளும் அழவில்லை. இருவரும் ஆடொன்று மதிலோரம் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டுகிற நேரம் நல்லதம்பி வெளியே வந்தார். "ரத்தம் நிண்டிருச்சுங்க. பொழைச்சுக்குவாளாம்" என்று சொல்லிவிட்டு, வாங்கின் கரையில் இருந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

பத்மாசனி எழும்பிக் கேற்றடிக் கடையில் ரொட்டியும் பிளேன்ரீயும் வாங்கி வந்தாள். முதலில் நல்லதம்பிக்குக் கொடுத்தாள். பிறகு ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தில்லைநாதனின் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. இரவைக்கு இவரைத் தனிய இஞ்ச விட்டிட்டுப் போகேலாது. நாங்களும் நிப்பம்."

"ஓம், நிப்பம்" என்றான்.

ரொட்டியில் உப்பு இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. முழுவதையும் சாப்பிட்டான். அவளும் மற்றப் பாதியைச் சாப்பிட்டாள்.